பத்துக்குப் பத்து

பொங்கல் கழிந்த வாரம், நெசவாளர் சங்கத்து ஆஸ்பத்திரியில் கால் பரிசோதனை என்று தெருத்தெருவாக ஆட்டோவில் மைக் வைத்துச் சொல்லிக்கொண்டு போனார்கள். சர்க்கரை உள்ளவர்கள் தவறாமல் வரவேண்டுமாம். சர்க்கரை இருந்தும் குமரகுரு தறியைவிட்டு எழுந்திருக்கவில்லை. "காலுல இன்னா பரிசோதனை? ஓட்டப் பந்தயத்துக்கா அனுப்பப் போறாங்க?" என்றார். அவர் மனைவி ஏலவார்குழலிதான் விடாப்பிடியாகக் கிளப்பிக்கொண்டு போனாள். அந்தப் பெயரை முழுசாகச் சொல்லக் கல்யாணப் பத்திரிகை அடித்தவரைத் தவிர யாருக்கும் பொறுமை இருந்ததில்லை. தெருவுக்கு அவள் குழலி.

அவள் பிடிவாதத்துக்குக் காரணம் இருந்தது. தீபாவளிக்கு முன்னால் ஒருநாள் அவர் டீக்கடைக்குப் போய்த் திரும்பி வந்தபோது ஒரு காலில்தான் செருப்பு இருந்தது. இன்னொன்று எங்கே கழன்றது என்று அவருக்கே தெரியவில்லை. "மறந்துட்டேன்" என்றார். செருப்பை மறக்கலாம், ஜல்லி குத்துவதை மறக்க முடியுமா? அப்புறம் ஒருநாள் வீட்டுத் தரையில் சொட்டுச் சொட்டாக ரத்தம். அவள் அதைப் பிடித்துக்கொண்டே போனால், அவர் நாற்காலியில் உட்கார்ந்து பேப்பர் படித்துக்கொண்டிருக்கிறார், குதிகாலில் ஒரு கண்ணாடிச் சில்லு. குழலி அதைப் பிடுங்கினாள். அப்போதும் அவர் பேப்பரிலிருந்து தலையைத் தூக்கவில்லை. இருவரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. பேசினால் நிஜமாகிவிடும் என்ற பயம், வேறென்ன.

ஆஸ்பத்திரி பெரிசு ஒன்றுமில்லை. முப்பது படுக்கை, ஒரு ஆபரேஷன் தியேட்டர், வாசலில் ஒரு வேப்பமரம். தெருக்காரர்களுக்குக் காய்ச்சல், பிரசவம், எலும்பு முறிவு எதுவானாலும் முதலில் அங்கேதான் ஓடுவார்கள். வரிசையில் இவர்களுக்கு முன்னால் போன பக்கத்துத் தெரு வெங்கடேசன் கையில் ஒரு அட்டைப்பெட்டியோடு வெளியே வந்தார். முகம் தொங்கிப்போயிருந்தது.

"கால் செத்துப்போச்சாம்பா. நைலான் நரம்பால குத்திப் பாக்கறாங்க, எனக்கு ஒன்னும் தெரியல. இந்த ரப்பர் செருப்பை வீட்டுக்குள்ளயும் போட்டுக்கினுதான் இருக்கணுமாம். தறியில உக்காந்தாலும் கழட்டக் கூடாதாம்" என்றார்.

"தறியிலயா?" என்றார் குமரகுரு.

"ஆமாங்கறேன். தறிக்குழியில, செருப்போட."

குமரகுரு குழலியைத் திரும்பிப் பார்த்தார். அவர்கள் வீட்டில் தறி இருக்கிற அறைக்குள் செருப்பு நுழைந்ததே கிடையாது. மின்சாரம் பார்க்க வருகிறவனாக இருந்தாலும் வாசலில் கழற்றிவிட்டுத்தான் வரவேண்டும். காலையில், தறிக்கு அடியில் கால் விட்டு உட்காரும் குழியில் இறங்குவதற்கு முன்னால் மிதிகட்டையைத் தொட்டுக் கண்ணில் ஒற்றிக்கொண்டுதான் அவர் காலை வைப்பார். அந்தக் கட்டையைச் செருப்பால் மிதிப்பதா? "நான் செத்தாலும் அது நடக்காது" என்று குழலியின் காதில் சொன்னார். அவள் பதில் சொல்வதற்குள் உள்ளே கூப்பிட்டுவிட்டார்கள்.

உள்ளே தேவகி சிஸ்டர் இருந்தாள். தாமல் கிராமத்துக்காரி. ஏரிக்கரையில் நின்று மாடு கூப்பிட்டுப் பழகிய குரல், அதை ஆஸ்பத்திரிக்குள்ளும் குறைத்துக்கொள்ளத் தெரியாது. "வாங்கய்யா, படுங்க. காலை நீட்டுங்க. கண்ணை மூடிக்கணும், திருட்டுத்தனமா பாக்கக் கூடாது. நான் தொடறப்ப தெரிஞ்சா 'இருக்குது'ன்னு சொல்லணும். அவ்வளவுதான், ஊசி கீசி ஒன்னும் இல்ல" என்றாள்.

குமரகுரு கண்ணை மூடிக்கொண்டார். தலைமாட்டில் குழலி நின்றாள்.

இந்த இடத்தில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். அவர்கள் நெய்வது கோர்வைப் புடவை. உடலுக்கு ஒரு நூல், கரைக்கு வேறு நூல், இரண்டையும் ஒன்றோடொன்று கோத்து வரவேண்டும். அதற்கு ஆள் இரண்டு வேண்டும். அவர் உடல் நூல் சுற்றிய நாடாவைத் தள்ளுவார், பக்கத்தில் உட்கார்ந்து அவள் கரை நாடாவைத் தள்ளுவாள். நாடா வந்து சேர்ந்ததும் அவள் வாய்க்குள்ளேயே "ம்" என்பாள். உடனே அவர் மிதிப்பார். ஒருநாளைக்கு எத்தனை ஆயிரம் "ம்" என்று யாரும் எண்ணியதில்லை. கல்யாணமாகி இருபத்தாறு வருஷம். அவள் அதைச் சொல்வதும் அவளுக்குத் தெரியாது, அவர் அதைக் கேட்பதும் அவருக்குத் தெரியாது.

தேவகி நைலான் நரம்பைக் கட்டைவிரலின் அடியில் வைத்து அழுத்தினாள். நரம்பு வளைந்தது. குமரகுரு பேசாமல் படுத்திருந்தார். நரம்பு வளைந்து நின்றதைப் பார்த்துக்கொண்டிருந்த குழலியின் வாயிலிருந்து "ம்" என்று வந்தது.

"இருக்குது" என்றார் குமரகுரு.

முதல் தடவை அது தானாக வந்ததுதான். சத்தியமாகத் தானாக வந்தது. இரண்டாவது தடவை அப்படியில்லை. வெங்கடேசனின் அட்டைப்பெட்டி, மிதிகட்டை, இவர் காதில் சொன்ன வார்த்தை எல்லாம் ஞாபகத்துக்கு வந்து, தெரிந்தே சொன்னாள். நரம்பு வளைந்தது. "ம்." "இருக்குது." மேலே மின்விசிறி கடகடவென்று ஓடிக்கொண்டிருந்தது. வெளியே நாற்பது பேர் பேசிக்கொண்டிருந்தார்கள். தேவகி கெட்டிக்காரிதான், இடையிடையே தொடாமல் சும்மா நிறுத்தியும் பார்த்தாள். குழலி வாயைத் திறக்கவில்லை, அவரும் திறக்கவில்லை.

"அடேங்கப்பா! ஏமாத்திப் பாத்தேன், அப்பவும் ஏமாறலயே. பத்துக்குப் பத்துய்யா நீங்க. ரெண்டு காலும்" என்று சிரித்துக்கொண்டே அட்டையில் எழுதினாள் தேவகி. "உங்களைப் பாத்துக் கத்துக்கச் சொல்லணும் மத்தவங்களை."

திரும்பி வரும்போது குமரகுரு வேகமாக நடந்தார். கடைத்தெருவில் நின்று, கேட்காமலேயே அவளுக்கு இரண்டு முழம் மல்லி வாங்கிக் கொடுத்தார். குழலி அதைத் தலையில் வைத்துக்கொண்டாள். வாசனையே தெரியவில்லை அவளுக்கு.

பங்குனி உத்திரத்துக்கு முந்தின நாள் ஏகாம்பரநாதர் கோயிலுக்குப் போனார்கள். கும்பலில் சிக்கி வெளிப் பிரகாரத்துக்கு வரும்போது மணி பன்னிரண்டு தாண்டிவிட்டது. கல்லில் கால் வைக்க முடியவில்லை. குழலி "ஐயோ, அம்மா" என்று தாண்டிக் குதித்து மதிலோர நிழலுக்கு ஓடினாள். குழந்தைகளைத் தூக்கிக்கொண்டு எல்லாரும் ஓடினார்கள். குமரகுரு மட்டும் நடு வெயிலில், கைகூப்பி, அளந்து அளந்து நடந்தார்.

"பாரும்மா அவரை. சுடுதுன்னு ஒரு வார்த்தை வாயில வருதா? அதான் பக்தின்றது" என்றாள் பக்கத்தில் நின்ற ஒரு கிழவி.

"போதும் வாங்க" என்று குழலி கத்தினாள்.

"மூணு சுத்து வேண்டிக்கினு இருக்கேன்" என்றார் அவர். பத்துப் பேர் பார்க்கிறார்கள் என்று அவருக்குத் தெரியும். நெஞ்சை இன்னும் கொஞ்சம் நிமிர்த்திக்கொண்டார். குழலி ஓடிப்போய்க் கையைப் பிடித்து இழுத்து வந்திருக்கலாம். அந்தக் கிழவிக்கு முன்னால் என்னவென்று சொல்லி இழுப்பது? நிழலிலேயே நின்றாள். மூன்று சுற்றும் முடித்துவிட்டுத்தான் வந்தார்.

சாயங்காலம் இரண்டு உள்ளங்காலிலும் கொப்புளம். ஒவ்வொன்றும் அப்பளம் அளவு. மறுநாள் காலையிலேயே ஆஸ்பத்திரிக்கு அழைத்துக்கொண்டு போனாள்.

சந்தோஷ்குமார் டாக்டர் சின்ன வயசு. அன்றைக்கு அவருக்கு முன்னால் அறுபது பேர், ஒருத்தருக்கு மூன்று நிமிஷம் ஒதுக்கினாலே மத்தியானச் சாப்பாடு போய்விடும். ஆனாலும் குனிந்து காலைப் பார்த்தார், கொப்புளத்தைச் சுத்தம் செய்யச் சொன்னார், சர்க்கரை மாத்திரையைக் கூட்டினார். கடைசியில் பழைய அட்டையைப் புரட்டினார்.

"சென்சேஷன் நார்மல். குட். பயப்படாதீங்க, மேலாப்புலதான் வெந்திருக்கு. ஆயின்மென்ட் போட்டுக் கட்டுங்க. வேலை செய்யலாம், வலிச்சா மட்டும் உடனே நிறுத்திடுங்க. வலிதான் உங்களுக்குச் சொல்லும்" என்றார்.

குழலி மேசைப் பக்கம் ஒரு அடி வைத்தாள். வலி எங்கிருந்து வரும்? இவருக்கு எது சொல்லும்? "சார்..." என்றாள்.

"சொல்லுங்கம்மா."

குமரகுரு அவளைத் திரும்பிப் பார்த்தார். அதட்டும் பார்வை இல்லை அது. கெஞ்சும் பார்வை. தறியில் பாதிப் புடவை நின்றுகொண்டிருந்தது.

"மாத்திரை சாப்பாட்டுக்கு முன்னாலயா, பின்னாலயா?" என்று கேட்டாள்.

"பின்னால" என்று சொல்லிவிட்டு டாக்டர் அடுத்த ஆளைக் கூப்பிட்டார்.

டாக்டர் சொன்னதைக் குமரகுரு அப்படியே கேட்டார். யாரும் குறை சொல்ல முடியாது. வலிக்கவில்லை, அதனால் நிறுத்தவில்லை. இடது கால் பத்து நாளில் காய்ந்துவிட்டது. வலது காலுக்குத்தான் மிதிப்பு அதிகம். ஒவ்வொரு நாளும் குழலி கட்டைப் பிரித்துக் கழுவி மருந்து போட்டாள். மேல்தோல் மூடிக்கொண்டுதான் வந்தது. "வலிக்குதா?" என்று கேட்பாள். "இல்லையே" என்பார். பிறகு இரண்டு பேரும் தறியில் உட்காருவார்கள். அவள் "ம்" என்பாள், அவர் அந்தக் காலால் மிதிப்பார்.  ஒவ்வொரு "ம்"முக்கும் நாடாவிலிருந்து கையை எடுத்துவிடத் தோன்றும். எடுக்கவில்லை. பாவி, எடுக்கவில்லை.

பதிமூன்றாம் நாள் காலையில் தறி அறையில் ஒரே நாற்றம். எலி செத்துக்கிடக்கிறது என்று நினைத்துக் குழலி டார்ச்சை எடுத்துக்கொண்டு குழிக்குள் இறங்கினாள். மூலை முடுக்கெல்லாம் துடைப்பத்தால் குத்திப் பார்த்தாள். எலி இல்லை. மேலே ஏறும்போது, குழியோரமாகக் கிடந்த கட்டிலில் காய்ச்சலில் உடம்பெல்லாம் நடுங்கப் போர்த்திக்கொண்டு படுத்திருந்த புருஷனின் கால் அவள் முகத்துக்கு நேராக இருந்தது. நாற்றம் அங்கேயிருந்துதான் வந்தது.

ஆட்டோவில் போட்டுக்கொண்டு ஓடினாள். சர்க்கரை நானூற்று அறுபது. சந்தோஷ்குமார் டாக்டர் கட்டைப் பிரித்தார். இடுக்கியைப் புண்ணுக்குள் விட்டார். அது போய்க்கொண்டே இருந்து எலும்பில் தட்டி நின்றது. அந்தச் சத்தம் குழலிக்குக் கேட்டது. குமரகுரு விசிறியைப் பார்த்துக்கொண்டு படுத்திருந்தார்.

"வலிக்கலையா?" என்றார் டாக்டர்.

"இல்ல சார்."

டாக்டர் இடுக்கியைத் தட்டில் போட்டார். அட்டையை எடுத்துப் பார்த்தார். அவர் முகம் மாறியது. "தேவகி சிஸ்டர்!" என்று கூப்பிட்ட கூப்பாட்டில் வார்டே திரும்பியது.

"பத்துக்குப் பத்து போட்டிருக்கீங்க! டெஸ்ட் பண்ணீங்களா, இல்ல வெறுமன டிக் அடிச்சீங்களா?"

"பண்ணேன் சார். நானேதான் பண்ணேன். சாமி சத்தியமா."

"இந்தக் கால் மூணு மாசத்துல சாகலை. வருஷக்கணக்கா செத்துக் கிடக்குது. நீங்க எழுதினதை நம்பி நான் இவரை வேலை செய்யச் சொல்லி அனுப்பியிருக்கேன். என் வாயால அனுப்பியிருக்கேன்!"

தேவகி, அந்தப் பெரிய குரல்காரி, "பண்ணேன் சார்" என்று மறுபடியும் முணுமுணுத்தாள். குழலி சுவரோரம் ஒயர் கூடையைக் கட்டிக்கொண்டு நின்றாள். சொல்லிவிடு, சொல்லிவிடு என்று மனசு அடித்துக்கொண்டது. சொன்னால் இவர்கள் கோபத்தில் வைத்தியம் பார்க்காமல் விட்டுவிடுவார்களோ என்று பயந்தாள். ஆஸ்பத்திரிக்கு வருகிற ஏழைக்கு அந்தப் பயம் எப்போதும் உண்டு. யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. காலை எடுத்தாக வேண்டும் என்று டாக்டர் சொன்னதும், எங்கே கையெழுத்துப் போட வேண்டும் என்று மட்டும் கேட்டாள். காட்டினார்கள், போட்டாள்.

அன்று மாலையே சர்ஜன் வந்தார். வலது காலை முழங்காலுக்குக் கீழே நாலு விரற்கடை விட்டு எடுத்துவிட்டார்கள்.

தேவகிக்கு மெமோ கொடுத்தார்கள். கால் பரிசோதனை அறையிலிருந்து எடுத்து வார்டில் போட்டார்கள். அதனால் குமரகுருவுக்குக் கட்டு மாற்ற வந்தது அவள்தான். அவள் முகத்தைத் திருப்பிக்கொண்டு, முரட்டுத்தனமாக நடந்திருந்தால் குழலி பிழைத்திருப்பாள். அவளோ வெதுவெதுப்பான தண்ணீரில் துணியை நனைத்து அவர் முகத்தைத் துடைத்தாள். கஞ்சி குடிக்காமல் அடம் பிடித்தவரை "குடிக்கிறீங்களா, இல்ல மூக்குல டியூப் போடட்டுமா?" என்று மிரட்டிக் குடிக்க வைத்தாள். ரத்தம் ஒட்டியிருந்த பஞ்சை உப்புத் தண்ணீர் விட்டு ஊறவைத்து, இழையிழையாகப் பிரித்தாள். எதிர்க் கட்டிலில் மூச்சிரைப்புக்காகப் படுத்திருந்த அப்பாதுரை என்ற பெரியவர், "பெத்த பொண்ணு கூட இப்படிப் பாக்க மாட்டாம்மா" என்றார்.

ஐந்தாம் நாள் குழலியால் தாங்க முடியவில்லை. கட்டு மாற்றிவிட்டு வாஷ்பேசினில் கை கழுவிக்கொண்டிருந்த தேவகியின் பின்னால் போய் நின்றாள்.

"சிஸ்டர், உங்க மேல தப்பில்ல. நான்தான் சொன்னேன்" என்றாள்.

"இன்னா சொன்னே?"

குழலி எல்லாவற்றையும் சொன்னாள். தறியில் சொல்கிற "ம்", தலைமாட்டில் நின்று சொன்ன "ம்", ரப்பர் செருப்பு, தறிக்குழி, டாக்டரிடம் விழுங்கிய வார்த்தை.  தேவகி குழாயை மூடாமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

"செருப்புக்காகவா?" என்றாள் கடைசியில்.

"தறிக்குழியில போட முடியாதும்மா எங்க சாதி சனத்துல..."

"என்னாண்ட ஒரு வார்த்தை கேட்டியா நீ?" தேவகியின் பழைய குரல் திரும்பி வந்துவிட்டது. "நெசவுக்காரங்கள்ல பதினோரு பேருக்கு நான் துணியில உறை தச்சுக் குடுத்திருக்கேன். புதுத் துணி, உள்ள மெத்து வச்சு, வெளிய மண்ணுல படாம, தறிக்கின்னே தனியா. அந்த வெங்கடேசனுக்கு மறுநாளே குடுத்து அனுப்பினேன். மஞ்சள் குங்குமம் வச்சுப் போட்டுக்கினு உக்காந்து நெய்யறாரு அந்தாளு. ஒரு வார்த்தை! 'சிஸ்டர், தறியில எப்படி'ன்னு ஒரு வார்த்தை கேட்டிருந்தா அந்தாளுக்கு ரெண்டு காலும் இருந்திருக்கும். உனக்கு வாயில்லையா? 'ம்'முனு சொல்ல மட்டும் வாய் இருந்துச்சா?"

குழலி அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். துணியில் ஓர் உறை. அவ்வளவுதானா? அதற்கா ஒரு கால்? தலையில் அடித்துக்கொண்டாள். அழுகை கூட வரவில்லை. தேவகி குழாயை மூடிவிட்டு, "எழுந்திரு. வந்து சார்கிட்ட உன் வாயால சொல்லு" என்று கையைப் பிடித்துத் தூக்கினாள்.

சொன்னாள். சந்தோஷ்குமார் டாக்டர் திட்டுவார் என்று நினைத்தாள். திட்டவில்லை. பேனாவை மூடி வைத்தார். "நானும் ஒரு தடவை தொட்டுப் பாத்திருக்கணும். அட்டையைப் பாத்தேன், காலைப் பாக்கலை" என்றார். பிறகு, "சரி, போங்கம்மா. அவர் தனியா இருப்பாரு" என்றார். அதைவிட நாலு அறை அறைந்திருக்கலாம்.

வார்டுக்கு வந்தபோது குமரகுரு கட்டிலின் கம்பியைப் பிடித்துக்கொண்டு முறுக்கிக்கொண்டிருந்தார். முகமெல்லாம் வேர்வை.

"குழலி, கால் எரியுதுடி. தாங்க முடியல."

அவள் போர்வையை விலக்கி இடது காலைப் பிடித்தாள்.

"அது இல்லடி. வலது கால். வலது பாதம் எரியுது. கட்டைவிரல், சுண்டுவிரல், எல்லாம் நெருப்புல வச்ச மாதிரி எரியுது."

குழலி பின்னாலேயே வந்த தேவகியைப் பார்த்தாள். புத்தி பேதலித்துவிட்டதா இவருக்கு? வலது பக்கம் முழங்காலுக்குக் கீழே வெள்ளைக் கட்டு, அதற்குப் பிறகு வெறும் விரிப்பு.

"பொய் இல்லம்மா, நெஜமாவே எரியும். வெட்டினவங்களுக்கு அப்படித்தான். நரம்பு செய்யற வேலை. மாத்திரை எடுத்தாரேன், ஆனா உடனே கேக்காது" என்று சொல்லிவிட்டு தேவகி ஓடினாள்.

கண்ணாடிச் சில்லு குத்தியபோது தெரியாத கால். கல் பொசுக்கியபோது தெரியாத கால். எலும்பில் இடுக்கி தட்டியபோது தெரியாத கால். அது இப்போது எரிகிறது. அவராக, வாய்விட்டு, எரிகிறது என்று சொல்கிறார். 

"எங்கங்க எரியுது? நீங்களே சொல்லுங்க" என்றாள்.

"அடிப்பாதம். ஏதாவது செய்யேன்டி."

அவள் கட்டிலின் கால்மாட்டில் மண்டியிட்டாள். பாதம் இருந்திருக்க வேண்டிய இடத்தில் குனிந்து, வெறும் விரிப்பின் மேல் வாயைக் குவித்து ஊதினாள். வார்டில் எல்லாரும் பார்த்துக்கொண்டிருந்தார்கள். அவள் பாட்டுக்கு ஊதினாள்.

குமரகுரு கண்ணை மூடிக்கொண்டார். "இன்னும் கொஞ்சம் கீழ" என்றார்.

அவள் இன்னும் கொஞ்சம் கீழே போய் ஊதினாள்.